க்யூக்காரத் தம்பி

பாளையங்கோட்டையில் இப்போது தெருவுக்கு ஒரு க்யூக்காரத் தம்பி இருக்கிறார். கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வந்தவர். கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை, இவரும் ஞாபகப்படுத்தவில்லை. மாடி அறைதான் ஆபீஸ். இடுப்பில் லுங்கி, மேலே காலர் வைத்த சட்டை.

"தம்பிக்கு என்ன சோலி?" என்று கேட்டால், "மும்பையில ஒரு க்யூ இருக்கு அண்ணாச்சி. அதுல இருந்து மெசேஜ் எடுக்கேன்" என்பார். "வாட்ஸப்பா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் முழுப் பாடமும் நடக்கும்.

அது அமேசானின் எஸ்.க்யூ.எஸ். யாரோ எங்கோ போடும் ஆர்டரெல்லாம் செய்தியாக வந்து அங்கே வரிசையில் நிற்கும். தம்பியின் புரோகிராம் இங்கிருந்து போய்க் கேட்கும். ஒரு தடவைக்கு 10 செய்திக்கு மேல் கிடைக்காது. வரிசை காலியாக இருந்தால் உடனே திரும்பிவிடாமல் 20 விநாடி வரை காத்துக் கிடக்கலாம். "சும்மா சும்மா போயி கேட்டா, கேக்குததுக்கும் காசு அண்ணாச்சி!"

எடுத்த செய்தி அழிந்துவிடாது. 30 விநாடி மற்றவர் கண்ணில் படாமல் மறைந்திருக்கும். வேலையை முடித்து, 'இனி அழிக்கலாம்' என்று சொன்னால்தான் போகும். நடுவில் புரோகிராம் மண்டையைப் போட்டால்? "அதுலதான் அழகே இருக்கு! செய்தி மறுபடி தலையக் காட்டும், வேற ஆளு எடுத்துக்கிடுவான்."

இவ்வளவு பொறுப்பான புரோகிராமை எழுதியவரை வீட்டில் பார்க்க வேண்டும். "ஏலே, ஒரு தேங்கா வாங்கியாந்திரு" என்று அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தால், "சரிம்மா" என்று மாடியிலிருந்து சத்தம் வரும். சத்தம் மட்டும்தான் வரும். புரோகிராம் வேலையை முடித்த பிறகு 'முடிந்தது' என்கிறது. தம்பி முதலிலேயே சொல்லிவிட்டு வேலையை மறக்கிறார்.

அம்மாவின் பொறுமைக்கும் அதே 30 விநாடிதான். மறுபடி குரல். "அஞ்சு நிமிசம்மா!" இழுக்கிற வேலைக்கு அமேசானும் அவகாசத்தை நீட்டித் தரும், ஆனால் 12 மணி நேரத்துக்கு மேல் விடாது. தம்பியின் அஞ்சு நிமிசத்துக்கு அப்படி எல்லை ஏதும் கிடையாது.

அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுவார். அப்பா மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் கிளம்பிய பிறகு தம்பிக்கு ஞானோதயம் பிறக்கும். அரைமணி நேரத்தில் வாசலில் இரண்டு பேர், கையில் ஆளுக்கொரு தேங்காய்.

"இது டூப்ளிகேட் டெலிவரிப்பா. சாதாரண க்யூவுல நடக்குததுதான். ஒரே செய்தி ரெண்டு தடவ வந்தாலும் வேலை ஒருக்கதான் நடக்கணும். அதுக்குத் தக்கன எழுதணும்."

"எழுதித் தொலைய வேண்டியதுதானல?"

இரண்டு தேங்காய் சேர்ந்தால் அன்றைக்குச் சொதிதான். சொதி என்றதும் அம்மாவுக்கு மறுவீட்டு விருந்து ஞாபகம் வரும். அதன் பின்னாலேயே கல்யாணமும் வரும். "சுத்தமல்லிப் புள்ளயப் போயி பாத்துட்டு வருவமானு தையில கேட்டனே, என்னல சொல்லுத?"

தம்பி வெலவெலத்துப் போவார். எஸ்.க்யூ.எஸ்ஸில் யாரும் சீண்டாத செய்தி 4 நாளில் தானாக அழியும். கூட்டி வைத்தாலும் 14 நாள்தான். தையில் போட்ட செய்தி ஆவணியில் அலுங்காமல் வந்து நிற்கிறதே!

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "ஏட்டி, இதையும் எங்கிட்ட சொல்லிராத. நான் போயி ஒண்ணப் பேசி முடிச்சிட்டு வருவேன். இவனும் அன்னைக்குன்னு பாத்து ஒண்ணக் கூட்டியாந்து நிப்பான்."