ரொட்டியும் ரட்சிப்பும்

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கர்கள் ஏன் திடீரென்று ஊரைத் திருத்தக் கிளம்பினார்கள்?

பதில்: யாருக்கு மோட்சம், யாருக்கு நரகம் என்று கடவுள் முன்பே எழுதிவிட்டார் என்பது பழைய போதனை. அது தளர்ந்து, மனம் வைத்தால் நீயே திருந்தலாம் என்று பிரசங்கிகள் சொல்லத் தொடங்கினார்கள். நான் திருந்தலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் ஏன் திருந்தக் கூடாது? அங்கே பிடித்தது வினை.

கேள்வி: அந்தப் பிரசங்கிகளில் ஒருவரான சார்லஸ் ஃபின்னியின் பேச்சில் அப்படி என்ன மயக்கம்?

பதில்: வக்கீல் தொழில் பழகியவர் அவர். 1821-ல் மனம் மாறிய மறுநாளே, வந்த கட்சிக்காரரிடம் இனி இயேசுவின் வழக்கை மட்டும்தான் எடுப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். சபையையும் கோர்ட்டாகவே நடத்தினார். பாவத்தை நினைத்துத் தவிப்பவர்களுக்கென்று முன்வரிசையில் ஒரு பெஞ்ச். ஊரே பார்க்க எழுந்து போய் அதில் உட்கார வேண்டும்; பெயர் சொல்லி ஜெபம் நடக்கும். 1830-31 குளிர்காலத்தில் ராச்செஸ்டர் நகரத்துக் கடைக்காரர்களும் வக்கீல்களும் அப்படிப் போய் உட்கார்ந்தார்கள். ஈரி கால்வாய் வந்து, மாவு மில்களில் காசு கொழித்த ஊர். புதுப் பணக்காரனுக்கு மனசாட்சி சீக்கிரம் உறுத்தும் போலிருக்கிறது. பழைய பணக்காரனுக்கு அது பழகிப்போயிருக்கும்.

கேள்வி: குடிக்கு எதிராக அத்தனை கூச்சல் தேவைதானா?

பதில்: 1830 வாக்கில், பதினைந்து வயதைத் தாண்டியவர்கள் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 7 காலன் சுத்த ஆல்கஹால் குடித்தார்கள். 26 லிட்டர்! மேற்கே விளைந்த மக்காச்சோளத்தை மலை தாண்டி அனுப்பினால் வண்டிக்கூலி கட்டாது. விஸ்கியாகக் காய்ச்சி அனுப்பினால் கட்டும். கூச்சல் போதாது என்பேன்.

கேள்வி: ரொட்டிக்காகக் கலவரம் நடந்ததாமே?

பதில்: 1837, பாஸ்டன். தவிடு நீக்காத கோதுமை ரொட்டி ஒழுக்கத்தைக் காக்கும்; இறைச்சி, காபி, மசாலா எல்லாம் காமத்தைக் கிளப்பும் என்றார் சில்வெஸ்டர் கிரகாம் என்ற போதகர். பேக்கரிக்காரர்களும் கசாப்புக் கடைக்காரர்களும் திரண்டு வந்தார்கள். அவருடைய சீடர்கள் மாடியிலிருந்து சுண்ணாம்பைக் கொட்டி விரட்டினார்கள். இத்தனைக்கும் சாத்விக உணவுக்காரர்கள்! இன்று அவர் பெயரில் விற்கும் பிஸ்கட்டில் சர்க்கரை தாராளம்.

கேள்வி: இந்தக் கிறுக்கர்களோடு அடிமை ஒழிப்புக்காரர்களையும் சேர்ப்பது நியாயமா?

பதில்: அன்றைய பாஸ்டன் கனவான்களைக் கேட்டிருந்தால், கிறுக்கர்களில் மூத்தவர் வில்லியம் லாயிட் கேரிசன்தான் என்றிருப்பார்கள். அடிமைகளை இன்றே, இப்போதே விடுதலை செய் என்று 1831 ஜனவரி 1-ல் 'லிபரேட்டர்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1835-ல் அவரைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்தார்கள். இழுத்தவர்களில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் பலர். உயிரைக் காப்பாற்ற மேயருக்கு வேறு வழி தெரியவில்லை, ஜெயிலில் வைத்தார். ஒரே ஊர், ஒரே காலம், ஒரே காய்ச்சல். அதில் எது கிறுக்கு, எது நீதி என்று அன்றைக்கே நாம் பிரித்திருப்போமா? எனக்குச் சந்தேகம்தான். சந்தேகமில்லாமல் பிரித்தவர்களும் இருந்தார்கள்: அந்தப் பத்திரிகையின் ஆரம்பகாலச் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் சுதந்திரக் கறுப்பினத்தவர்கள்.

கேள்வி: சீர்திருத்தவாதிகள் பெண்களையாவது சமமாக நடத்தினார்களா?

பதில்: 1840-ல் லண்டனில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குக் கடல் கடந்து போன பெண் பிரதிநிதிகளைப் பார்வையாளராக ஓரமாக உட்காரவைத்தார்கள். அங்கே பழக்கமான லுக்ரிஷியா மாட்டும் எலிசபெத் ஸ்டாண்டனும் 1848-ல் செனெகா ஃபால்ஸில் சொந்தமாகவே மாநாடு கூட்டினார்கள். அதன் பெண்ணுரிமை அறிக்கையில் 68 பெண்கள், 32 ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள். வாக்குரிமைத் தீர்மானம் மட்டும் தள்ளாடியது. அடிமையாக இருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் எழுந்து பேசி அதைக் கரை சேர்த்தார்.

கேள்வி: இந்த அலை நம் பக்கம் வரவே இல்லையா?

பதில்: யாழ்ப்பாணத்துக்கு 1816-லேயே வந்துவிட்டது. அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. பைபிளைப் பரப்ப வைத்த பள்ளியின் மாணவர், 1887-ல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பாஸ்டனில் உண்டியலில் காசு போட்ட பக்தர்கள் இந்த வட்டியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.