பேரீச்சம்பழ விலையும் பத்மினி விலையும்

எழுபதுகளில் பழைய பத்மினி கார் சில சமயம் புதியதைவிட விலை கூடுதல். புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் கம்பெனி விலைக்கு மேலே கொடுத்து, ஓடிக்கொண்டிருப்பதை வாங்கினார். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. தொண்ணூறுகளில் என் சித்தப்பா தன் பத்மினியை விற்கக் கிளம்பியபோது, வந்த புரோக்கர் பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, "பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும் சார்" என்றார்.

இன்று அதே பத்மினி கோழிக்கூண்டாகக் கிடந்தாலும், கூண்டின் உரிமையாளர் லட்சத்தில்தான் பேச்சைத் தொடங்குகிறார். "விண்டேஜ் சார்!" 2021இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி விண்டேஜ் ஆக 50 வயது தாண்ட வேண்டும். 1998 மாடலை விற்பவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

அன்று அம்பாஸடரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் போட்டவருக்கு ஊரில் தனி மரியாதை. ஸ்டியரிங்கோடு இருந்த கை கியரை எடுத்துவிட்டு ஃப்ளோர் கியர் வைத்தால் இன்னும் கொஞ்சம் விலை ஏறும். கழற்றியதெல்லாம் காயலான் கடைக்குப் போயிற்று. இன்று வாங்க வருபவர் தேடுவது அந்தக் கழற்றியதைத்தான். சித்தப்பா காலத்தில் கூட்டியதையெல்லாம் இப்போது கழிக்கிறார்கள்.

பார்க்கும் முறையும் தலைகீழ். அன்று மெக்கானிக் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். துருவைப் பற்றிக் கேட்டால், "டிங்கரிங் பண்ணிக்கலாம் சார்" என்று ஒரே வார்த்தை. இன்று எஞ்சின்தான் கடைசிக் கவலை. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் அலைந்தால் வழி பிறக்கும். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு, காணாமல் போன ஒரு குரோம் பட்டையும் பின்விளக்குக் கண்ணாடியும் எங்கே கிடைக்கும்? பாடிதான் முதல் கவலை என்பதால் விவரம் தெரிந்தவர்கள் சட்டைப்பையில் காந்தத்தோடு போகிறார்கள். கதவில் ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே இரும்பில்லை, பட்டிதான். அப்புறம் தரைத்தகடு, சேஸிஸ். அதற்கும் அப்புறம்தான் பெயின்ட்டின் பளபளப்பு.

காகிதம் தனிச் செலவு. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, பழைய வங்கிக் கடன் அதில் இன்னும் நீக்கப்படாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 15 வயது தாண்டிய காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று; 2025இல், 20 வயது கடந்தவற்றுக்கு 10,000.

நியாய விலைக் கணக்கு எளிது. நன்றாகச் சீரமைத்து ஓடும் அதே மாடல் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள்; சொன்ன விலை கணக்கில் சேராது. அதிலிருந்து டிங்கரிங், பெயின்ட், கிடைக்காத சாமான், காகிதம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கொடுக்க வேண்டிய விலை. பல வண்டிகளுக்கு மிஞ்சுவது கழித்தல் குறி மட்டும்.

இந்தக் கணக்கை ஒரு கான்டெஸாக்காரரிடம் வரி வரியாகப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "கணக்கு சரிதான் சார். ஆனா நான் விக்கிறதா இல்ல. என்ன விலைக்குக் கேக்குறாங்கன்னு பாக்கத்தான் போர்டு மாட்டினேன்."