ஹை பீம் எரியவில்லை, மாமா

ஸ்கார்பரோ,
அக்டோபர்.

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? என் கார் விளக்குக் கதையைப் போனில் சொன்னால் பாதியிலேயே மறித்து, "பல்ப்பைப் பாத்தியாடா?" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். காலமெல்லாம் கோடம்பாக்கத்து சினிமா ஸ்டுடியோ ஃப்ளோர்களில் லைட் தூக்கியவரிடம் விளக்குச் சமாச்சாரம் பேசுவதற்குக் கடிதம்தான் பாதுகாப்பு. என் காரில் லோ பீம் நன்றாக எரிகிறது. ஹை பீம் மட்டும் வரமாட்டேன் என்றது.

"எரியலைன்னா விடேன், ஊருக்கு நல்லதுதானே" என்பீர்கள். பவர்ஹவுஸ் முனையில் எதிரே வருகிறவனுக்கு ஹை பீம் செத்துப்போனால் நாம் தேங்காயே உடைப்போம். ஆற்காடு ரோட்டில் கடை வெளிச்சமும் தெருவிளக்கும் போதாதென்று மெட்ரோ வேலைக்குப் போட்ட ஃபோகஸ் லைட் வேறு. ஊசி விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். அங்கேதான் ஷேர் ஆட்டோ முதல் தண்ணி லாரி வரை ஹை பீமில் வருகிறது. முகப்பு விளக்கில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டிப் போலீஸ்காரர்களின் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

இங்கே கதை வேறு. இலைகள் சிவக்கும் மாதம் என்று டொரான்டோவே வடக்கே அல்கான்குவின் வனப் பூங்காவுக்குப் படையெடுக்கிறது. நாங்களும் கிளம்புவதாக இருந்தோம். பூங்காவுக்குள் ஓடும் 60ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ராத்திரி வெளிச்சம் என்றால் நம் வண்டி போடுவதுதான். அந்த இருட்டில் மூஸ் என்றொரு மான் நடுரோட்டில் நின்றுகொண்டிருக்கும். கடா என்றால் அரை டன் வரும். கால்கள் உயரம், உடம்பு கறுப்பு. மோதினால் வண்டி காலைத்தான் தட்டும். மீதி அரை டன்னும் கண்ணாடி வழியாக நம் மடிக்கு வந்துவிடும். லோ பீமில் தெரிவது ஐம்பது அறுபது மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் தாண்டுகிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்; அத்தையிடம் சொல்லாதீர்கள்.

அதற்காக இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகவும் முடியாது. எதிரே வண்டி 150 மீட்டருக்குள் வந்தால் தணிக்க வேண்டும். முன்னால் போகிறவனுக்கு 60 மீட்டர் பின்னாலிருந்தே தணிக்க வேண்டும். ஒன்டாரியோ சட்டம். ஆச்சரியம் என்னவென்றால், நிஜமாகவே தணிக்கிறார்கள். பகல் விளக்கு இன்னொரு வேடிக்கை. இங்கே 1990லிருந்து புதுக் கார் என்றால் பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிந்தாக வேண்டும். நம் ஊரில் 2017 ஏப்ரலில் புது பைக்குகளுக்கு அதே விதி வந்தபோது, வழியில் போகிற ஒவ்வொருவரும் விரலை மூடித் திறந்து "லைட்டு! லைட்டு!" என்று உங்களை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா? லிபர்ட்டியிலிருந்து வடபழனி போவதற்குள் நீங்கள் எத்தனை பேரைத் திட்டியிருப்பீர்கள்!

சரி, வியாதிக்கு வருகிறேன். இந்த வண்டியில் இருப்பது ஹெச்4 பல்ப். ஒரே குடுவைக்குள் இரண்டு இழை: தணிவுக்கு 55 வாட், உயர்வுக்கு 60. தணிவு இழைக்கு அடியில் சின்னதாக ஓர் உலோகத் தொட்டி, கீழ்ப்பக்கம் போகிற வெளிச்சத்தை மறைத்து, எதிராளி கண்ணைக் காப்பாற்றுகிறது. டூ கே லைட்டுக்கு முன்னால் நீங்கள் நிறுத்துவீர்களே கட்டர், அதேதான். உயர்வு இழைக்குக் கட்டர் கிடையாது. ஹாலஜன் குடுவையை வெறுங்கையால் தொட்டால் விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிச் சீக்கிரம் போய்விடும் என்ற உங்கள் பாடத்தை மறக்காமல் புது பல்ப்பும் வெள்ளைத் துணியுமாக நின்றேன்.

தெருக்கோடியில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து மெக்கானிக் என் துணியைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணை, ரெண்டு பக்கமும் ஒரேயடியா நூந்தா அது பல்ப் பிழை இல்லை. ரெண்டு பல்ப்பும் ஒரே நாளிலை சாகிறதுக்கு அதுகள் என்ன கோவலனும் கண்ணகியுமே?" என்றார். அவர்கள் இருவரும் ஒரே நாளில் சாகவில்லை என்று எடுத்துச் சொல்லும் நேரம் அதுவல்ல என்பதால் சும்மா இருந்தேன்.

ஃப்யூஸ்களைப் பிடுங்கிப் பார்த்தார், கம்பி அறுபடவில்லை. ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியை என்னை இழுக்கச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் காதை வைத்தார். பெட்டியில் 'டிக்' என்று சத்தம் கேட்டது; டாஷ்போர்டில் நீல விளக்கும் வரவில்லை, வெளியே வெளிச்சமும் இல்லை. குச்சியின் சுவிட்ச் சரி, ரிலேயின் காயில் சரி, உள்ளே பெரிய கரண்டைக் கடத்தும் முனைதான் கருகியிருக்கிறது என்று தீர்ப்பு. அதே பெட்டியில் ஹார்னுக்கும் அச்சு அசலாக அதே ரிலே. அதைப் பிடுங்கி இங்கே செருகினார். எதிர்ச்சுவர் பளிச்சென்று வெளுத்தது. கருகியதை ஹார்ன் இடத்தில் வைத்து, "புதுசு நாளைக்கு வரும், அதுவரைக்கும் ஹார்ன் அடிக்கேலாது" என்றார்.

நாளைக்கு என்றது அடுத்த வாரமாகிவிட்டது. ஹார்ன் இல்லாமல் கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்க முடியுமா, மாமா? இங்கே ஆபீஸ் போனேன், கடைக்குப் போனேன், மழையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டேன். ஹார்ன் இல்லை என்பது என் கைக்கு மட்டும்தான் தெரிந்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் அது தானாக ஸ்டியரிங்கின் நடுவுக்குப் போய் வெறுமனே அமுக்கிவிட்டுத் திரும்பியது.

இருந்தாலும் ஹார்ன் இல்லாத வண்டி சட்ட விரோதம். அந்தப் பிரிவைத் தேடிப் படித்தேன். பழைய காலத்துச் சட்டம் போலிருக்கிறது: வண்டியில் மணியோ சேகண்டியோ ஹார்னோ ஏதாவது ஒன்று வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டுமாம். ஆகவே ரிலே இன்னும் தாமதமானால், மார்கழி பஜனைக்கு நீங்கள் தட்டுவீர்களே, அந்தச் சேகண்டியை அத்தை வரும்போது பெட்டியில் வைத்து அனுப்புங்கள். கொட்டாப்புளியோடு. எடை கூடினால் ஊறுகாயைக் குறைக்க வேண்டாம், புடவையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்