பல்லைப் புடிச்சுப் பாரு அப்பு

வா அப்பு, வா. கட்டில்ல ஆட்டுக்கயிறு கிடக்கு, தள்ளிப் போட்டுட்டு உக்காரு. என்னதுடா இது, சவுளிக்கடைப் பை நெறைய வழவழன்னு புத்தகம்? ஓகோ, திருச்சி தில்லைநகர்ல வெளிநாட்டுப் படிப்புக்கு ஆளனுப்புற ஆபீசுல குடுத்தாங்களா. என் கண்ணாடியக் கொண்டா. பேரை நீ படி. ம்... இங்கிலாந்து. ஆஸ்திரேலியா. கனடா. ஏன்டா, மூணு நாட்டுலயும் ஒரே பொண்ணுதான் புல்லுல உக்காந்து புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுச் சிரிக்குது? மூணு ஊருக்கும் டவுன் பஸ்சு விட்டுட்டாங்களோ. நம்ம விராலிமலை அடிவாரத்துல உக்காந்து அப்பிடிச் சிரிக்கச் சொல்லு பாப்போம், குரங்கு புத்தகத்தைப் புடுங்கிட்டுப் போயிரும்.

நீ வந்த சோலி எனக்குத் தெரியும். ஏழரை லட்சத்துக்கு மேல கடன் வேணும்னா சொத்தைக் காட்டுன்னு பேங்குல சொல்லியிருப்பாங்க. ஏழரையோட நின்னா ஒரு சனியோட போகும். நீ முப்பது கேக்குற. முப்பதுன்னா நாலு சனி. சரி, ஒன்றரை ஏக்கர் கடலைக்காட்டுப் பத்திரம் ட்ரங்குப் பெட்டியில, பெட்டிச் சாவி என் அரைஞாண்ல. கைநாட்டு வைக்கமாட்டேன்னு தாத்தன் சொல்லுவேனா? அதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு கேக்குறேன். என்ன படிக்கப் போற?

'யூகே'ங்கிறான் பாரு! ஏன்டா, என்ன மாடு வாங்கப் போறேன்னு கேட்டா மணப்பாறைங்கிற. மணப்பாறை சந்தைடா. மாடு எது?

நான் போகவேண்டாங்கலை. மூஞ்சியத் தூக்காத. மேல மலையில மயிலு மேல உக்காந்திருக்கானே, அவனே ஒரு பழத்துக்காக உலகத்தைச் சுத்துன பயதான். வீட்டுல இருந்த அண்ணன்காரன் அப்பன் ஆத்தாளச் சுத்திட்டுப் பழத்தை வாங்கிட்டான்னு ஊரெல்லாம் கதை சொல்றாங்க. அதுக்குப் பிறகு நடந்ததை ஒருத்தனும் சொல்றதில்லை. பழத்தைத் தின்னவன் இன்னைக்கும் ஆத்தங்கரையிலயும் அரசமரத்தடியிலயும் வெயில்லயும் மழையிலயும் உக்காந்திருக்கான். சுத்துன பயலுக்கு மலை மலையா வீடு, ரெண்டு பொண்டாட்டி, சாயரட்சைக்கு நம்மூருல சுருட்டு வேற. அதனால போ. போறவன் எதுக்குப் போறேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போன்னுதான் சொல்றேன்.

நீ மாடு புடிச்சதில்லை, உனக்குத் தெரியாது. சந்தையில தரகன் நம்மள மாட்டுக்கிட்டக் கூட்டிட்டுப் போகமாட்டான். மொதல்ல டீக்கடைக்குத்தான். 'நம்ம புள்ளைக்கு நான் காசா வாங்கப்போறேன்'னு ஒரு வார்த்தை விடுவான். பிறகு தோள்ல கிடக்குற துண்டை எடுத்து விக்கிறவன் கை மேல போட்டு, உள்ள விரலைப் புடிச்சு வெலை பேசுவான். வெளிய நிக்கிற நமக்குத் துண்டு ஆடுறது மட்டுந்தான் தெரியும். தில்லைநகர்ல உனக்கு ஏ.சி. போட்டுக் காப்பி குடுத்து, 'எங்க சேவை முழுக்க இலவசம் தம்பி'ன்னு சொன்னாங்கல்ல? அங்க துண்டு எங்க இருந்துச்சுன்னு பாத்தியா? நீ கட்டுற முதல் வருசக் கட்டணத்துல ஒரு பங்கு அந்தக் காலேசுல இருந்து அவுகளுக்குத் திரும்பி வரும். தரகு வாங்குறது தப்பில்லப்பு. நானும் வாங்கியிருக்கேன், உங்க அப்பத்தா மூக்குத்தியே அதுல வந்ததுதான். ஆனா தரகு குடுக்காத மாட்டைத் தரகன் காட்டமாட்டான். அதை மட்டும் மனசுல வையி.

அதான் கேக்குறேன், இம்புட்டுப் புத்தகத்துல ஜெர்மனி எங்க? அங்க இருக்குற உன் அத்தை மக போன்ல மூஞ்சி காட்டிப் பேசுறப்ப நான் சும்மா இருக்கமாட்டேன், தோண்டித் தோண்டிக் கேப்பேன். நான் கைநாட்டுத்தான், காது கைநாட்டு இல்ல. அங்க அரசாங்கப் பல்கலைக்கழகம் பெரும்பாலானதுல படிப்புக்கட்டணமே இல்லையாம். அரையாண்டுக்கு ஒருக்கா கொஞ்சம் பணம் கட்டுனாப் போதும், பல ஊருல பஸ்சு ரயிலு சீட்டுகூட அதுலயே அடங்கிருமாம். பாடன் வூர்ட்டம்பர்க்னு ஒரு மாநிலத்துல மட்டும் நம்மளப்போல வெளியாளுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024ல இருந்து வாங்க ஆரம்பிச்சிருச்சு. கட்டணமே இல்லாத எடத்துல தரகனுக்கு என்ன பங்கு கெடைக்கும், சொல்லு. அதான் புத்தகம் அச்சடிக்கலை.

உடனே குதிக்காத. அங்கயும் சுழி இருக்கு. ஒரு வருசச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்குல போட்டுப் பூட்டணும். 11,904 யூரோ. மாசம் 992தான் எடுக்க விடுவான். நம்ம ஆளுக கையில காசு நிக்காதுன்னு அம்புட்டு தூரத்துல இருக்கிற வெள்ளைக்காரனுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சுன்னுதான் எனக்கு ஆச்சரியம். 2022 நவம்பர்ல இருந்து ஏ.பி.எஸ்.னு ஒரு சான்றிதழ் வேற. நம்ம மார்க்குச் சீட்டு நெசந்தானான்னு பல்லைப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுறான். மாடே நம்மளப் பாக்குது, நம்ம மாட்டைப் பாக்கலை! இளநிலைப் படிப்பு அங்க பெரும்பாலும் ஜெர்மன் பாசையில. முதுநிலைன்னா இங்கிலீசுல நெறைய இருக்கு. அதையெல்லாம் டி.ஏ.ஏ.டி.ன்னு அவுக அமைப்பே பட்டியல் போட்டு நெட்டுல சும்மா வச்சிருக்கு. ஒத்த ரூவா வேண்டாம். தில்லைநகருக்கு நீ ஏறுன பஸ்சு டிக்கெட்டு அதைவிட அதிகம்.

சரி, யூகேக்கே வா. அங்க என்ன படிப்பு? படி. 'இன்டர்நேஷனல் பிசினஸ் மேனேஜ்மென்ட்'. நீ நாலு வருசம் படிச்சது மெக்கானிக்கல். மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மாத்தத் தெரியலைன்னாலும் அது மெக்கானிக்கல்தான். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? 'அந்தப் படிப்புக்குத்தான் லேசா எடம் கெடைக்கும்'னு தில்லைநகர் ஆபீசுப் பொண்ணு சொல்லுச்சா. கடைமுளைச்ச கிழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி, எண்ணெயத் தடவி, கழுத்துல சலங்கையக் கட்டி நிறுத்தியிருப்பான். 'லேசா குடுத்துறலாம்ணே'ன்னுதான் சொல்லுவான். லேசாக் குடுக்குற மாடு ஏருல படுத்துக்கும்.

பேரைப் பாக்காத. பேரு எல்லாத்துலயும் 'இன்டர்நேஷனல்' இருக்கு, பைபாசுல பரோட்டாக் கடையிலயும் இருக்கு. உள்ள என்னென்ன பாடம், எத்தனை பேரு படிச்சு முடிச்சாக, அவுக இப்ப என்ன சோலி பாக்குறாகன்னு பாரு. போன வருசம் அதே படிப்பை முடிச்ச ஒருத்தனோட நீயே பேசு. தரகன் புடிச்சுக் குடுக்குற ஆளு வேண்டாம், அவன் தரகனுக்கு மச்சினனா இருப்பான்.

படிச்சு முடிச்சு ரெண்டு வருசம் வேலை பாத்துக் கடனைக் கட்டிருவேன்ங்கிறியா. அந்த ரெண்டு வருசத்தை 2027 சனவரியில இருந்து பதினெட்டு மாசமாக் கொறைச்சுட்டான். 2024ல இருந்து ஆராய்ச்சிக்குப் போறவனைத் தவிர மத்தவன் பெரும்பாலும் பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டுப் போகவும் முடியாது. உனக்கு அந்தக் கவலை இப்ப இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், அடிக்கடி கீரனூர்ப் பக்கம் பைக்கு போகுதுன்னு தாக்கல். கனடாவுலயும் அதே கதைதான். கையில காட்ட வேண்டிய காசு பத்தாயிரம் டாலரா இருந்துச்சு. 2024 சனவரியில 20,635ன்னான். மறுவருசம் செப்டம்பர்ல 22,895ன்னான். அங்க பட்டமில்லாத டிப்ளமா படிப்புக்குப் போனா, என்ன துறைங்கிறதுக்கு இப்ப ஒரு பட்டியல் இருக்கு. அதுல இல்லைன்னா படிச்சு முடிச்சப்பறம் வேலைப் பெர்மிட்டு கெடையாது. நாட்டுப் பேரைச் சொன்னாப் போதும்னு இருந்த காலம் அந்த நாட்டுக்காரவுகளுக்கே சலிச்சுப் போச்சு. என்ன படிப்புன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாக. நான் கேட்டா மட்டும் கிழவனுக்குக் கிறுக்கு.

அமெரிக்காவுல நடந்த கூத்து தெரியுமா? டீக்கடையில ரிட்டயர்டு வாத்தியாரு பேப்பரு படிச்சப்ப நான் குடிச்ச டீ மூக்குல ஏறிருச்சு. மிச்சிகன்ல பார்மிங்டன் யுனிவர்சிட்டின்னு ஒன்னு. பேரு இருக்கு, ஆபீசு இருக்கு, நெட்டுல பக்கம் இருக்கு. வாத்தியாரு இல்லை, வகுப்பு இல்லை, பாடமும் இல்லை. அறுநூறு பேருக்கு மேல சேந்து கட்டணம் கட்டியிருக்காக. 2019 சனவரியில பாத்தா, அதை நடத்துனதே அமெரிக்காவோட குடியேற்றப் போலீசு! எலிப்பொறி வச்சிருக்கான். மொதல்ல புடிபட்ட நூத்தி முப்பது பேருல 129 பேரு நம்ம நாட்டுப் புள்ளைக, ஆந்திரா தெலுங்கானாப் பக்கத்துக்காரவுக அதிகம். 'வகுப்பே இல்லைன்னு தெரிஞ்சுதானே சேந்தீக'ன்னு அவன் கேட்டான். 'அரசாங்கமே நடத்துனா நாங்க எப்பிடிக் கண்டோம்'னு இவுக பக்கத்து வக்கீலு கேட்டாரு. எனக்கு ரெண்டு பக்கமும் சரின்னுதான் படுது. ஆனா அப்பு, மாடே இல்லாத சந்தையில கயித்தை மட்டும் புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தவனை நான் இப்பத்தான் பாக்குறேன்.

டாக்டருக்குப் படிக்கப் போறவுக சங்கதி வேற, அதைச் சிரிச்சுப் பேச வாய் வரலை. 2022 மாசி மாசம் உக்ரைன்ல குண்டு விழுந்தப்ப, பாதாள அறையில இருந்து புள்ளைக போன் பண்ணுனதை டிவியில பாத்தோம். ஆபரேசன் கங்கான்னு ஏரோப்பிளேன் விட்டுக் கூட்டியாந்தாக. இங்க சீட்டு எட்டலை, எட்டுனா தனியாருல கோடி. அதனாலதான் அங்கிட்டுப் போனாக, பேராசையில இல்லை. உன் கூட்டாளி தங்கச்சி அந்தப் பக்கம் போற பேச்சு இருக்குல்ல, இதைப் போய்ச் சொல்லிவிடு. 2021ல போட்ட விதிப்படி படிப்பு 54 மாசத்துக்குக் கொறையக்கூடாது, இங்கிலீசுல இருக்கணும். அதே எடத்துலயே 12 மாசம் ஆசுபத்திரிப் பயிற்சி எடுத்திருக்கணும். அந்த நாட்டுலயே வைத்தியம் பாக்க லைசென்சு கெடைக்கிற படிப்பா இருக்கணும். இங்க நீட்டுத் தேறாம அங்கிட்டுப் போனா அதுவும் செல்லாது. அம்புட்டும் இருந்து திரும்பி வந்தாலும் 300க்கு 150 எடுக்கணும்னு ஒரு பரீட்சை, அதுல விழுகிறவுகதான் அதிகம். தேறுனா இங்க ஒரு வருசம் மறுபடி பயிற்சி. காலேசு அனுப்புற வழவழப் புத்தகத்துல இந்த 54ங்கிற நம்பர் எந்தப் பக்கத்துல இருக்குன்னு அந்தப் புள்ளை தேடட்டும்.

இருக்குற பயலுக இப்பிடின்னா, நம்ம புதுக்கோட்டை ராசா கதை என்ன? மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியா போனாரு, 1915ல மோலி ஃபிங்க்குன்னு மெல்போர்ன்காரியக் கட்டிக்கிட்டாரு. வெள்ளைக்காரச் சர்க்காரு அந்தம்மாவை ராணின்னு ஒத்துக்கலை. புதுக்கோட்டைக்கு வந்த எடத்துல அந்தம்மாவுக்கு யாரோ அரளி வச்சுட்டாகன்னு ஒரு பேச்சு. பிறகு ராசா இந்தப் பக்கம் தங்கவே இல்லை, 1928ல பாரீசுல கண்ணை மூடுனாரு. அவருக்குச் சமஸ்தானம் போச்சு. நமக்கு இருக்கறது ஒன்றரை ஏக்கரு. யோசிச்சுக்க.

இன்னொருத்தரு போனாரு. ஈரோட்டுல பொறந்து கும்பகோணத்துல வளந்த ராமானுசம். அவரு காலேசுல கணக்கைத் தவிர மத்த எல்லாத்துலயும் கோட்டை விட்டு, மெட்ராசுத் துறைமுகத்துல கிளார்க்கா உக்காந்திருந்தாரு. அவரு 'யூகே போறேன்'னு சொல்லலை. 1913 சனவரியில தனக்குத் தெரிஞ்ச கணக்கையெல்லாம் எழுதி, அதைப் புரிஞ்சுக்கிற ஆளு யாருன்னு பாத்து, அங்க ஹார்டிங்கிற கணக்கு வாத்தியாருக்குக் கடுதாசி போட்டாரு. நாட்டுக்கு மனுப் போடலை, ஆளுக்குப் போட்டாரு. மறுவருசம் பங்குனியில கப்பல் ஏறுனாரு. 1916ல கேம்பிரிட்ஜுல பட்டம் குடுத்தான். உனக்குப் புடிச்ச மோட்டாரு சமாச்சாரத்துல அங்க எந்த வாத்தியாரு ஆராய்ச்சி பண்றாருன்னு தேடி நாலு பேருக்கு எழுதிப் பாரு. பதில் வராட்டி உனக்கு என்ன, தபால்தலைகூட ஒட்ட வேண்டியதில்லை.

அவருக்கும் அங்க குளிரு தாங்கலை. ராத்திரியெல்லாம் ஓவர்கோட்டைப் போட்டுக்கிட்டுத் தூங்கியிருக்காரு. மகலனோபிசுன்னு ஒரு வங்காளத்துக்காரரு அறைக்கு வந்து பாத்தா, கம்பளியெல்லாம் கட்டில்ல விரிப்புக்கு அடியில மடிச்சுச் சொருகித்தான் கிடக்கு. அம்புட்டுக் கணக்குப் போட்ட மனுசனுக்குக் கம்பளி எங்க இருக்குன்னு தெரியலை. நீ போனா மொதல்ல விரிப்பைத் தூக்கிப் பாரு.

காசுக்கு வேற வழியா? மத்திய சர்க்காருல தேசிய வெளிநாட்டு உதவித்தொகைன்னு ஒன்னு, வருசத்துக்கு 125 பேருக்கு. பெரும்பங்கு ஆதிதிராவிடப் புள்ளைகளுக்கு. மிச்சத்துல நாலு எடம் நிலமில்லாத விவசாயக் கூலியாளு, கைத்தொழிலாளி வீட்டுப் புள்ளைகளுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும். உன் கூட்டாளி ஒருத்தனுக்காவது அது பொருந்தும், அவன்கிட்டச் சொல்லிவிடு. மாநிலச் சர்க்காருலயும் அவுகளுக்குத் திட்டம் இருக்கு. தரகனுக்கு அதுல பங்கில்லைங்கிறதால ஊருக்குள்ள யாருக்கும் தெரியலை. நமக்குத்தான் ஒன்றரை ஏக்கரு இருந்து தொலையுதே. பத்திரத்தை அடகு வச்சு முழுக்கிட்டு நிலமில்லாதவன்னு மனுப் போடலாமான்னு யோசிக்கிற பாரு, உன் மூஞ்சியிலயே தெரியுது.

என்னது, பேசுனது போதும், சாவியக் குடுங்கிறியா? குடுக்காம என்ன. இந்தா. பெட்டியத் திற. சேலைக்கு அடியில பாரு, உங்க அப்பத்தா கூரைச்சேலை, பதனமா எடு. பத்திரம் இல்லையா? இருக்காது. உங்கப்பன் சிங்கப்பூருக்குப் போறேன், ரெண்டே வருசத்துல மீட்டுருவேன்னு சொல்லி எடுத்துட்டுப் போய்க் கீரனூர்ல ஒருத்தருகிட்ட வச்சான். அப்ப உனக்கு மூணு வயசு. அவனுக்கும் ஒரு தரகன் இலவசமாத்தான் வழி சொன்னான். இன்னும் வட்டிதான் போய்க்கிட்டிருக்கு.

மூலையில ஒரு தகர டப்பா இருக்கும் பாரு. அதுல ரெண்டு சுருட்டு இருக்கும், எடு. ஒன்னு எனக்கு. இன்னொன்னைச் சாயரட்சைக்குள்ள மலைக்கு எடுத்துட்டுப் போ. அந்தப் புத்தகப் பையை இங்கயே வச்சுட்டுப் போ, வழியில குரங்கு நிக்கும்.