ஆமைக்குப் படியளப்பவர்

சகல ஜீவராசிகளுக்கும் இறைவன் படியளந்த திருவிளையாடலை மதுரை மாநகரில் மார்கழி மாதத்து அஷ்டமிச் சப்பரமாக வருஷத்துக்கு ஒரு முறைதான் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஆமை வளர்க்கும் அன்பரோ, காலையில் கண் விழித்தது முதல் இரவில் விளக்கை அணைக்கும் வரையில், கண்ணாடித் தொட்டியின் முன்னே நாள் தவறாமல் அந்தத் திருவிளையாடலை நடத்திக்கொண்டிருப்பவர். அவர் பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். மக்கள் அயல்நாடு சென்றுவிட, “சாப்பிட்டாயா?” என்று கேட்க ஆளில்லாமல் தேங்கிக் கிடந்த வாத்ஸல்யம் முழுவதையும், சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடையொன்றில் வாங்கிய, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிவப்புக் காது ஆமையின்மேல் அவர் சொரிந்துவிடுகிறார்.

அமெரிக்காவின் மிஸிஸிப்பி நதிப் பிரதேசத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அப்பிராணிக்குக் ‘கூர்மராஜன்’ என்று நாமகரணம் செய்வார். சில வருஷங்கள் கழித்துத் துணையேதுமின்றியே அது முட்டையிட்டுவிட்டால், சற்றும் கலங்காமல் ‘கூர்மவல்லி’ என்று மாற்றிக்கொள்வார். பெயரைத்தான் மாற்றுவாரேயொழியப் போஜன விதியை மாற்றமாட்டார். குஞ்சுப் பருவத்தில் புழு, பூச்சி, சிறுமீன் முதலியவற்றைப் பெரிதும் நாடும் இந்த ஜாதி, வளர வளர இலை தழைகளையே பிரதான ஆகாரமாகக் கொள்ளவேண்டும் என்பதும், வளர்ந்த ஆமைக்கு உருண்டைத் தீவனம் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு தடவை, அதுவும் அதன் தலையளவு, போட்டாலே போதும் என்பதும் அவருடைய செவியில் ஏறாத விஷயங்கள். தாம் சுத்த சைவராயினும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உலர்ந்த இறால் வாங்கி வருவார். காலையில் இறால், பத்து மணிக்கு இட்லி விள்ளல், பிற்பகலில் ரொட்டித் துண்டு, மாலையில் தீவனம், இரவில் ‘வெறும் வயிற்றோடு படுக்குமே’ என்று மறுபடியும் இறால்!

ஆமையும் லேசுப்பட்டதன்று. இரை என்றைக்குக் கிடைக்கும் என்ற நிச்சயமில்லாத நீர்நிலைகளில் வாழப் பிறந்த ஜீவனாகையால், கிடைத்தபோதெல்லாம் தின்று வைத்துக்கொள்வது அதன் சுபாவம். படியளக்கும் முகத்தைக் கண்டுகொண்ட மாத்திரத்தில், கழுத்தை நீட்டிக் கண்ணாடியைப் பிறாண்டும் அந்த யாசகத்துக்கும் பசிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

“இப்பத்தானேங்க போட்டீங்க?” என்பார் மனைவியார்.

“அது பாக்குற பார்வையப் பாரு! போடலேன்னா பாவம் சும்மா விடுமா?” என்பார் அன்பர்.

விளைவு யாதெனில், கால்களை ஓட்டுக்குள் இழுக்கும்போதெல்லாம் தொடைச் சதை வெளியே பிதுங்கி நிற்க, ஓடு சற்றே மெத்தென்று ஆகிவிட்ட கூர்மவல்லியை மடியில் ஏந்தியவாறு அவர் கால்நடை மருத்துவரிடம் போய் நிற்பார்.

“சார், இதுக்குக் கொழுப்பு ஜாஸ்தி, கால்சியம் கம்மி. தீனியைக் குறைச்சு இலை தழை போடுங்க, நேர் வெயில் காட்டுங்க, ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் பிரயோஜனப்படாது” என்பார் மருத்துவர்.

அன்பர் சிரத்தையில் குறைந்தவரல்லர். அன்றே பசலைக்கீரை கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று அறிந்ததும், செம்பருத்தி இலையும், கேரட்டும், பரங்கிக்காய்த் துருவலும், கொறிப்பதற்குக் கடல்நுரையும் வந்து சேரும். மருத்துவர் சேர்க்கச் சொன்னவற்றில் ஒன்றையும் விடமாட்டார். நிறுத்தச் சொன்னவற்றில் ஒன்றையும் நிறுத்தமாட்டார். கிருத்திகைதோறும் தாம் தண்ணீரும் அருந்தாமல் உபவாசம் இருக்கும் மன உறுதி படைத்த அம்மனிதருக்கு, ஆமையை ஒரே ஒரு வேளை பட்டினி போடும் மன உறுதி மட்டும் எந்த ஜன்மத்திலும் வாய்க்காது.

செவ்வனே பராமரித்தால் முப்பது வருஷமும் அதற்கு மேலும் ஜீவிக்கக்கூடிய பிராணி அது. அதன் ஆயுளைக் குறைப்பது அசிரத்தை மாத்திரமன்று, அளவு தெரியாத அன்புந்தான். ஆகையால், இத்தகைய அன்பர் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், ஆமைக்குப் பத்தியம் கற்பிக்க முயன்று காலத்தை வீணாக்காதீர்கள். தீவன டப்பாவைப் பூட்டி, சாவியை அவருடைய மனைவியாரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.