சேஸில் இடைச்செருகல்: ஒட்டுத்தகடு குறித்த ஒரு பாட ஆராய்ச்சி

பழைய லாரியின் சேஸ் மூலபாடம். விரிசல் கண்ட இடத்தில் பட்டறையில் வைத்து ஒட்டும் தகடு இடைச்செருகல். ஏட்டில் நுழைந்த ஓர் அடிக்காக ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய நம் புலவர்கள், இந்தத் தகட்டைப் பற்றி வாய் திறக்காதது வியப்பே.

ஆய்வுக்குக் கொண்டது, டாட்டாவும் டைம்லர்-பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாக இருந்த காலத்து மூக்கு நீண்ட லாரி. அதன் உரிமையாளர், கனமே பலம் என்னும் கனவாத மரபினர். "போடறதே போடறோம், பத்து எம்எம்மாப் போட்டுருங்க மேஸ்திரி" என்பது அம்மரபின் முதல் சூத்திரம். வண்டி இனிச் சுமக்கப்போவது ஆயுத பூஜை மாலையும் இரண்டு வாழைக்கன்றும்தான் என்பது சூத்திரத்தைப் பாதிக்காது.

மேஸ்திரியின் மறுப்புரை சுருக்கமானது: "சேஸு கொஞ்சம் வளையோணுங்க. வளைய விடாமப் புடிச்சா, தகடு முடியற எடத்துல அடுத்த விரிசல் வுழும்." ஆகவே சேஸ் ஆறு எம்எம் என்றால் தகடும் ஆறைத் தாண்டலாகாது. அளக்குமுன் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். நீலத்துக்கடியில் பச்சை, பச்சைக்கடியில் காவி என்று உரைக்கு உரை எழுதி வைத்திருப்பார்கள். தகட்டின் இரு முனையையும் சாய்வாக வெட்டுவது மரபு. செங்குத்தாக வெட்டி வெல்டிங் வைத்தால் அந்தக் கோட்டிலேயே முறியும். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் வெல்டிங்கும் கூடாது, துளையும் கூடாது. வளையும்போது இழுவையும் அழுத்தமும் அங்கேதான் உச்சம்.

இனித் தகட்டின் குலம். கடைத் தகட்டில் ஐ.எஸ். 2062, இ250 என்று இருந்தால் கவலையில்லை. 250 மெகாபாஸ்கல் வரை இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது பொருள். பழைய இரும்புக் கடைத் தகடோ ஆசிரியர் பெயர் தெரியாத ஏடு. அதற்கு உள்ள ஒரே அகச்சான்று கிரைண்டர். பொறி நீளக் கோடாய், அதிகம் கிளைக்காமல் போனால் கார்பன் குறைவு, எடுக்கலாம். பூவாணம்போல் கிளைத்து வெடித்தால் கார்பன் மிகுதி, வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே நொறுங்கும் சாதி. மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது என்பது இவ்வாய்வாளரின் பணிவான கருத்து.

பெரும் பாடபேதம், தகட்டின் கனத்தை எண்ணால் குறிக்கும் கேஜில்தான். பத்து கேஜ் என்பது பிரிட்டிஷ் பாடத்தில் 3.25 எம்எம், அமெரிக்கத் தகட்டுப் பாடத்தில் 3.42. எண் ஏற ஏறக் கனம் குறையும் என்பதைக் கனவாதிகள் இன்றளவும் ஏற்கவில்லை. நம் உரிமையாளர் பத்து எம்எம்மை விட்டு இறங்கி வந்தார். "செரி, எம்எம்மே வேண்டாம். கேஜுல, இருக்கறதுலயே பெரிய நம்பராப் போடுங்க."

மேஸ்திரி பதினாறு கேஜ் தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஒன்றரை எம்எம்முக்குச் சற்று மேல். அவர் அதை ஆட்டிப் பார்த்தார், அது படபடத்தது.