பானைக்குக் காவல் யார்?

? அமெரிக்காவிலிருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். மேக்னம் என்கிற ஹாப்ஸ் பூவை முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறாராம். வாசனை போய்விடாதா?
- வாசகர், கோட்டைக்குப்பம்

போகட்டும் என்றுதான் கொதிக்க விடுகிறார். மேக்னம் ஜெர்மனிச் சரக்கு, கசப்புக்கென்றே வளர்ப்பது. அதில் ஆல்ஃபா அமிலம் நூற்றுக்கு 12 முதல் 14 வரை. செக் நாட்டு சாஸ் ஹாப்ஸில் மூன்று, நான்குதான். இந்த அமிலம் பச்சையாகச் சரிவரக் கரையாது; கொதித்து உருமாறினால்தான் கரையும், கசக்கும். 20 லிட்டருக்கு 20 கிராம் தாராளம். வாசனைக்கு, அடுப்பை அணைக்கும்போது வேறு பூ. இறால் குழம்புக்குப் புளியை முதலிலும் கொத்தமல்லியைக் கடைசியிலும் போடுகிற அக்காவைக் கேட்டிருந்தால் தபால் செலவு மிச்சம்.

? கசப்புதான் வேண்டுமென்றால் வேப்பங்கொழுந்து போதாதா?
- வாசகி, பழவேற்காடு

கசக்கும். யாரும் குடிக்க மாட்டார்கள், அது லாபம். ஆனால் ஹாப்ஸ் வெறும் கசப்பு இல்லை, காவல்காரர். ஈஸ்டை உள்ளே விட்டு, புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவை வாசலில் நிறுத்துவார். பனங்கள்ளுக்கு அந்தக் காவல் இல்லை. காலையில் இனித்தது சாயங்காலம் புளித்து, விட்டால் காடியாகிவிடும். நாம் வைத்த காவல்காரர் சுண்ணாம்பு. கறார்ப் பேர்வழி! கலயத்தின் உள்ளே தடவிவிட்டால் ஈஸ்ட், பாக்டீரியா இரண்டையுமே தலைகாட்ட விடமாட்டார். பதநீர் பதநீராகவே இறங்குவது அவர் தயவில்.

? பழவேற்காடு ஏரிக்கரையில் ஹாப்ஸ் பயிரிட்டால்?
- வாசகர், ஜமீலாபாத்

பூக்க நீண்ட கோடைப் பகலும், தூங்கக் குளிர்காலமும் கேட்கிற கொடி. இமாச்சலத்து லாகௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது. நம்மிடம் இருப்பது உப்புக்காற்று. தவிர, ஹாப்ஸ் கஞ்சாச் செடியின் பங்காளி. போதை கிடையாது என்பதை மாமியாருக்கு விளக்குவது உங்கள் பாடு.

? நம்மூர் வெள்வேலம்பட்டை ஹாப்ஸ் வேலையைச் செய்யாதா? சும்மா ஒரு குடம் காய்ச்சிப் பார்க்கத்தான்.
- ஊர், பெயர் வேண்டாம்

பட்டை துவர்க்கும், கசக்காது. பட்டைச் சாராயத்தில் அதை ஊறப்போட்டவர்கள் பீரை நினைத்துப் போடவில்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் குடமா, அண்டாவா என்று அளப்பதில்லை. அமெரிக்காவில் வீட்டு பீருக்கு 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். இங்கே கள்ளுக்கே 1987 முதல் தடை. ஏரியின் வடகரை ஆந்திராவில் மட்டும் கள்ளுக்கு மரமேறுகிறார்கள். ஊர், பெயர் போடவில்லை, தூங்குங்கள்.